கலைந்த ஜப்பானிய ராக் குழுக்கள் திரும்பி வருமா? புதிய ரசிகருக்கு ஓர் அறிமுகம்

ஜப்பானிய ராக் இசையைப் புதிதாகக் கேட்கத் தொடங்கும் தமிழ் வாசகர் பலர் ஏதாவது ஓர் அனிமே தொடரின் வழியாகத்தான் அதற்குள் நுழைகிறார்கள். ‘ரூரோனி கென்ஷின்’ தொடர் 1996இல் ஒளிபரப்பாகத் தொடங்கியபோது அதன் தொடக்கப் பாடலைப் பாடிய ஜூடி அண்ட் மேரி என்ற குழுவை எடுத்துக்கொள்வோம். பாட்டு பிடித்துப்போய், யூகி என்ற அந்தப் பாடகியின் குரலுக்காகவே குழுவின் மற்ற ஆல்பங்களையும் தேடிக் கேட்டுவிட்டு, அடுத்த கச்சேரி எப்போது என்று விசாரித்தால், 2001 மார்ச் 8 அன்று டோக்கியோ டோம் என்ற பெரிய அரங்கில் கடைசியாகப் பாடிவிட்டு அவர்கள் கலைந்துவிட்டார்கள் என்ற பதில்தான் கிடைக்கும். வெளிநாட்டு ரசிகர்களில் கணிசமானோர் இப்படி முடிந்துபோன குழுவின் மீது ஆசை வைத்தவர்களே. ஒருமுறைகூட நேரில் பார்த்திராத ஒன்றை ‘மீண்டும்’ பார்க்க வேண்டும் என்று அவர்கள் விரும்புகிறார்கள்.

இந்த விருப்பத்துக்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. ஜப்பானில் கலைந்த குழுக்கள் திரும்பியதற்குப் பல முன்னுதாரணங்கள் உண்டு. அதே அளவுக்கு, எவ்வளவு வேண்டினாலும் திரும்பாத குழுக்களும் உண்டு. ரசிகர் எண்ணிக்கையோ, பழைய ஆல்பங்களின் விற்பனையோ இவ்விரண்டையும் பிரித்துக் காட்டுவதில்லை. குழு எப்படி முடிந்தது, அந்தப் பெயரை உறுப்பினர்கள் என்னவாகக் கருதுகிறார்கள், அவர்களில் யார் இன்று இருக்கிறார்கள் என்பவற்றைப் பார்த்தால் ஓரளவு ஊகிக்கலாம்.

முதலில் கலைப்பையும் இடைநிறுத்தத்தையும் வேறுபடுத்திப் பார்க்க வேண்டும். ஜப்பானியக் குழுக்கள் பெரும்பாலும் சத்தமில்லாமல் காணாமல் போவதில்லை. தாங்கள் செய்யப்போவது இவற்றில் எது என்பதை முறையான அறிக்கையாகவே வெளியிடுகின்றன. இடைநிறுத்தம் என்று அறிவித்தால் பெயர் உயிரோடு இருக்கிறது என்று பொருள். 2008இல் நிறுத்திய எல்லேகார்டன் சரியாகப் பத்து ஆண்டு கழித்து 2018இல் அதே நால்வரோடு மேடையேறியது. ஆனால் இடைநிறுத்தம் என்ற சொல்லை நம்பி நிம்மதியாக இருந்துவிடவும் முடியாது. 2007இல் நிறுத்திய ஜான் டா ஆர்க் குழுவின் ரசிகர்கள் பன்னிரண்டு ஆண்டு காத்திருந்த பிறகு, 2019இல் அவர்களுக்குக் கிடைத்தது கலைப்பு அறிவிப்பு. தி யெல்லோ மங்கி இரண்டு கட்டங்களையுமே கடந்தது: 2001 ஜனவரியில் இடைநிறுத்தம், 2004 ஜூலையில் கலைப்பு, 2016இல் திரும்பல். லூனா சீ 2000ஆம் ஆண்டின் இறுதியில் விடைபெற்றபோது கலைப்பு என்ற சொல்லையே தவிர்த்து, நாடகத்தில் திரை விழுவதைக் குறிக்கும் சொல் ஒன்றைப் பயன்படுத்தியது. அதற்குள் ஒரு கதவு திறந்திருப்பதாக ரசிகர்கள் எடுத்துக்கொண்டார்கள். 2007 கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவில் டோக்கியோ டோமில் ஒரே ஒரு கச்சேரிக்காக அக்குழு திரும்பியது, 2010இல் முழுமையாகவே இயங்கத் தொடங்கியது. அந்த வகையில் அவர்கள் எண்ணியது வீண்போகவில்லை.

முடிவை ஒரு பொது நிகழ்வாக நடத்தும் வழக்கத்துக்குப் பலரும் காட்டும் எடுத்துக்காட்டு போவி. குன்மா மாவட்டத்தின் தகசாக்கி நகரில் வேர்கொண்ட இந்த நால்வர் குழு 1987இல் நாட்டின் உச்சத்தில் இருந்தது. அவ்வாண்டு டிசம்பர் 24 அன்று ஷிபுயா பொது அரங்கில் நடந்த கச்சேரியின் இறுதியில், பாடகர் ஹிமுரோ கியோசுகே மேடையில் நின்றபடியே, ஆறு ஆண்டு ஒன்றாக இருந்தோம், இனி ஒவ்வொருவரும் தனியாகத் தம்மால் முடிந்ததைச் செய்யப்போகிறோம் என்ற பொருளில் பேசினார். சண்டை பற்றியோ நோய் பற்றியோ அவர் அங்கே ஒன்றும் சொல்லவில்லை. 1988 ஏப்ரல் 4, 5 ஆகிய இரு இரவுகளில், அதற்கு முந்தைய மாதம்தான் திறக்கப்பட்டிருந்த டோக்கியோ டோமில் கடைசிக் கச்சேரிகள் நடந்தன. உச்சத்தில் இருக்கும்போதே நிறுத்திவிடுவது என்ற கம்பீரம் அதன்பின் வந்த எத்தனையோ குழுக்களுக்கு முன்மாதிரியாகிவிட்டது. ஆனால் அந்தக் கம்பீரமே திரும்பி வருவதைக் கடினமாக்குகிறது. அவ்வளவு அழகாக விடைபெற்ற ஒருவர் மறுபடியும் வாசலில் வந்து நிற்பதற்கு மிகப் பெரிய காரணம் வேண்டியிருக்கிறது.

அப்படிப்பட்ட காரணம் 2011 மார்ச் 11 அன்று வந்தது. வடகிழக்கு ஜப்பானை நிலநடுக்கமும் சுனாமியும் தாக்கிய அந்த ஆண்டு, கலைந்த குழுக்களின் வரலாற்றில் தனி இடம் பெற்றது. ஹை-ஸ்டாண்டர்ட் என்ற மூவர் பங்க் குழு 2000இல் தான் நடத்திய ‘ஏர் ஜாம்’ விழாவுக்குப் பிறகு செயலற்றுக் கிடந்தது. உறுப்பினர்களுக்கிடையே பேச்சுவார்த்தையே அற்றுப்போயிருந்த காலமும் உண்டு. 2011 ஏப்ரல் 26 அன்று மூவரும் ஒரே நேரத்தில், செப்டம்பர் 18 என்ற தேதியையும் குழுவின் பெயரையும் விழாவின் பெயரையும் கொண்ட ஒரே செய்தியை டுவிட்டரில் இட்டார்கள். அன்றைய தினம் யோகோஹாமா விளையாட்டரங்கில் அவர்கள் சேர்ந்து வாசித்தார்கள். அடுத்த ஆண்டு பாதிக்கப்பட்ட மியாகி மாவட்டத்துக்கே விழாவைக் கொண்டுசென்றார்கள்.

1996இல் கலைந்த பிரின்சஸ் பிரின்சஸ் என்ற ஐந்து பெண்களின் குழு 2012ஆம் ஆண்டுக்கு மட்டும் என்று எல்லை வகுத்துக்கொண்டு திரும்பியது. ‘எப்போதும்’ என்று வாக்களிக்காமல் ஓராண்டுக் கெடுவோடு வந்ததாலேயே ஐவரும் எளிதாக இசைந்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. கச்சேரிகளின் வழியாகத் திரண்ட நிவாரண நிதி 50 கோடி யென்னைத் தாண்டியது. அந்த நிதியின் உதவியோடு செண்டாய் நகரில் எழுப்பப்பட்ட இசையரங்கம் 2016 மார்ச்சில் திறக்கப்பட்டபோது, அதில் வாசிப்பதற்காக ஐவரும் மறுபடியும் வந்தார்கள். ‘ஓராண்டு மட்டும்’ என்ற விதியை அவர்கள் மீறிய காரணம் அவ்வளவே.

இவ்வளவு பெரிய காரணமும் போதாமல் போனது போவிக்குத்தான். ஹிமுரோ 2011 ஜூன் 11, 12 ஆகிய நாட்களில் டோக்கியோ டோமில் நிவாரண நிதிக் கச்சேரி நடத்தினார். பாடியவை அனைத்தும் போவியின் பாடல்கள், ஆனால் பழைய தோழர்கள் மூவரும் மேடையில் இல்லை. ஏழு வாரம் கழித்து, ஜூலை 30, 31 ஆகிய நாட்களில், அதே போவியின் கிதார் கலைஞர் ஹோதேய் தொமோயாசு அதே டோக்கியோ டோமில், அதே நோக்கத்துக்காக, ஒரு மறுஇணைவை நடத்தினார். அது போவியின் மறுஇணைவு அன்று. போவிக்குப் பின் கிக்காவா கோஜி என்ற பாடகரோடு சேர்ந்து அவர் தொடங்கி 1990இல் முடித்திருந்த காம்ப்ளெக்ஸ் என்ற இருவர் குழுவினுடையது. அதன்மூலம் 65 கோடி யென்னுக்கு மேல் நிதி திரண்டது. ஒரு குழுவின் பாடகரும் கிதார் கலைஞரும் ஒரே கோடையில், ஒரே மேடையில், ஒரே துயரத்துக்காக, தனித்தனியாக நின்றார்கள். இத்தனைக்குப் பிறகும் போவி திரும்பும் என்று நம்புவதற்கு உறுதியான மனம் வேண்டும். செவித்திறன் குறைபாட்டால் ஹிமுரோ 2016 மே மாதத்தில், மறுபடியும் டோக்கியோ டோமில், மேடைக் கச்சேரிகளிலிருந்தே விடைபெற்றுவிட்டார். காம்ப்ளெக்ஸோ 2024 மே மாதத்தில், நோட்டோ தீபகற்ப நிலநடுக்கத்தில் பாதிக்கப்பட்டவர்களுக்காக இன்னொரு முறையும் திரும்பியது.

ஒரு குழுவின் பெயர் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியும் இங்கே எழுகிறது. சட்டத்தின்படி யாருக்குச் சொந்தமாக இருந்தாலும், பல ஜப்பானியக் குழுக்கள் அப்பெயரைக் குறிப்பிட்ட சில மனிதர்களின் கூட்டு என்றே கருதுகின்றன. ஒருவர் போனால் வேறொருவரை வைத்துத் தொடர்வதைவிட மொத்தமாக நிறுத்திவிடுவதையே தேர்கின்றன. (எல்லாக் குழுக்களும் அப்படியல்ல, எக்ஸ் ஜப்பான் 1992இல் தன் பேஸ் கிதார் கலைஞரை மாற்றிக்கொண்டுதான் தொடர்ந்தது.) பெயரின் மீதுள்ள இந்தப் பிடிவாதத்துக்கு மிகக் கறாரான எடுத்துக்காட்டு தி ப்ளூ ஹார்ட்ஸ். ஜப்பானிய பங்க் இசையை வீடுதோறும் கொண்டுசேர்த்த இந்தக் குழு 1995 ஜூன் 1 அன்று ஜப்பானின் பொது ஒலிபரப்பு நிறுவனமான என்எச்கேயின் வானொலியில் தன் கலைப்பைச் சொன்னது. அதன் பாடகர் கோமோத்தோ ஹிரோத்தோவும் கிதார் கலைஞர் மாஷிமா மசத்தோஷியும் அன்றோடு பிரிந்துவிடவில்லை. உடனே தி ஹை-லோஸ் என்ற குழுவைத் தொடங்கினார்கள், 2006 முதல் தி க்ரோமேக்னன்ஸ் என்ற குழுவில் இருக்கிறார்கள். அதாவது ப்ளூ ஹார்ட்ஸின் பாதி, அதன் பெரும்பாலான பாடல்களை எழுதிய அந்த இருவர், தொடர்ந்து மேடையேறிக்கொண்டேதான் இருக்கிறார்கள். ஆனால் ப்ளூ ஹார்ட்ஸின் பாடல்களை அவர்கள் அங்கே பாடுவதில்லை. ரசிகர் ஏங்குவது ஆட்களுக்காக என்றால் நுழைவுச்சீட்டு வாங்கினால் போதும், ஏக்கம் தீர்ந்துவிடும். தீராதது பெயரையும் பாடலையும் பற்றிய ஏக்கம், அந்தக் கதவை அவர்கள் தாங்களாகவே சாத்திவிட்டார்கள்.

மாறாக, ஒரே ஒருவர் மனம் மாறியதால் திறந்த கதவும் உண்டு. தி யெல்லோ மங்கியின் பாடகர் யோஷீ கசுயா 2013ஆம் ஆண்டுக் கோடையில் லண்டன் ஹைட் பார்க்கில் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் கச்சேரியைப் பார்த்துவிட்டு, மற்ற மூவருக்கும் மின்னஞ்சல் அனுப்பினார்: என்னோடு மறுபடியும் குழுவாகச் சேர்ந்து வாசிப்பீர்களா என்பதே அதன் சாரம். வெளியே அறிவிப்பதற்கு மேலும் இரண்டரை ஆண்டு ஆனது. 2016 ஜனவரி 8 அன்று அறிவித்தார்கள். 2001இல் இடைநிறுத்தத்துக்கு முன் அவர்கள் கடைசியாக டோக்கியோ டோமில் வாசித்ததும் ஒரு ஜனவரி 8 அன்றுதான். தேதிகளுக்கு இப்படி மதிப்புக் கொடுக்கும் பழக்கம் குழுக்களுக்கு இருப்பதால், ஆண்டு நிறைவு நாட்கள் நெருங்கும்போதெல்லாம் ரசிகர்கள் பரபரப்பது முழுக்க மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிட முடியாது. யூனிகார்ன் குழுவும் 1993இல் கலைந்து 2009இல் திரும்பியது. கலைப்புக்கு முன்பே விலகியிருந்த டிரம்ஸ் கலைஞர் கவானிஷி கோய்ச்சியும் அதில் சேர்ந்துகொண்டார். அவர்கள் இரண்டாவது முறை கூடியிருக்கும் காலம் முதல் காலத்தைவிட நீண்டுவிட்டது.

மரணம் என்ற எல்லையைப் பற்றிப் பேசாமல் இந்த விஷயத்தை விளக்க முடியாது. தி மிஷெல் கன் எலிஃபண்ட் 2003 அக்டோபர் 11 அன்று சிபாவின் மகுஹாரி மெஸ்ஸே அரங்கில் விடைபெற்றது. கறுப்புக் கோட்டு சூட்டுடன் நின்று, கிதாரை வெட்டுவதுபோல் வாசிக்கும் அபே ஃபுதோஷி 2009 ஜூலையில் இறந்தார். அவருடைய கிதார் இல்லாத மிஷெலை யாரும் கற்பனை செய்யத் துணியவில்லை. பாடகர் சிபா யூசுகேவும் 2023 நவம்பரில் புற்றுநோயால் காலமானார். 2009க்கு முன் அந்த ரசிகர்களிடம் இருந்தது நம்பிக்கை. அதற்குப் பின் பதிவுகளைக் கேட்பது மட்டுமே மிஞ்சியது.

எக்ஸ் ஜப்பான் இதற்கு நேர்மாறான வழியில் போனது. சிபா மாவட்டத்தின் ததெயாமா ஊரில் சிறுவயது நண்பர்களான யோஷிகியும் தோஷியும் 1982இல் தொடங்கிய குழு இது. தோஷி விலகும் முடிவால் 1997 செப்டம்பரில் கலைப்பு அறிவிக்கப்பட்டது. அவ்வாண்டின் கடைசி நாளில் டோக்கியோ டோமில் விடைபெறும் கச்சேரியை முடித்துவிட்டு, அதே இரவில் என்எச்கேயின் புத்தாண்டுக்கு முந்தைய இசைப் போட்டி நிகழ்ச்சியிலும் போய்ப் பாடினார்கள். ஐந்தாவது மாதமே, 1998 மே 2 அன்று, கிதார் கலைஞர் ஹிதே இறந்தார். டோக்கியோவின் சுகிஜி ஹொங்கான்ஜி கோயிலில் நடந்த இறுதிச் சடங்குக்குப் பல்லாயிரக்கணக்கான ரசிகர்கள் திரண்டார்கள். அத்தோடு எக்ஸ் ஜப்பான் முடிந்தது என்றே எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் 2007இல் மற்றவர்கள் மீண்டும் சேர்ந்தார்கள். 2008 மார்ச் இறுதியில் டோக்கியோ டோம் மேடையில் ஹிதேயின் உருவம் ஒளியால் ஆன முப்பரிமாண பிம்பமாகத் தோன்ற, அவர் பதிவுசெய்து வைத்திருந்த கிதார் ஒலியோடு சேர்ந்து மற்றவர்கள் நேரில் வாசித்தார்கள். இல்லாதவரை உறுப்பினராகவே வைத்துக்கொண்டு தொடர்வது என்ற இந்த முடிவு சிலருக்கு ஆறுதலாகவும் சிலருக்கு உறுத்தலாகவும் இருந்தது. எனக்கு இதில் இரண்டாம் தரப்பின்மீதுதான் சாய்வு, ஆனால் அந்த அரங்கில் அழுதவர்களின் கண்ணீரைப் பொய் என்று சொல்ல மாட்டேன். பேஸ் கிதார் கலைஞர் ஹீத்தும் 2023 அக்டோபரில் இறந்துவிட்ட நிலையில், அக்குழுவின் அடுத்த கச்சேரியைப் பற்றிய எந்தப் பேச்சும் மேடையில் நிற்கப்போவது யார் என்ற கேள்வியிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது.

திரும்பி வந்துவிட்டால் நிரந்தரமாக இருப்பார்கள் என்பதும் உறுதியல்ல. இதற்கு நம்பர் கேர்ள் குழுவின் கதையைச் சற்று விரிவாகச் சொல்லலாம். 1995இல் ஃபுகுவோகாவில் தொடங்கிய இந்த நால்வர் குழு, பேஸ் கிதார் கலைஞர் நகாவோ கென்தாரோ விலக விரும்பியபோது, அவருக்குப் பதிலாக வேறொருவரைத் தேடாமல் கலைந்தது. 2002 நவம்பர் 30 அன்று ஹொக்கைடோவின் சப்போரோவில் ஒரு சிறிய அரங்கில் கடைசியாக வாசித்தார்கள். பதினாறு ஆண்டுக்கும் மேலான மௌனத்துக்குப் பிறகு 2019 பிப்ரவரியில் மறுஇணைவை அறிவித்தார்கள். பாடகர் முகாய் ஷூத்தோக்கு வெளியிட்ட விளக்கம் அந்நாட்டு ராக் ரசிகர்களிடையே பெரிதும் பேசப்பட்டது. 2018ஆம் ஆண்டுக் கோடையின் தொடக்கத்தில் ஒருநாள் தாம் குடிபோதையில் இருந்ததாகவும், அந்தப் பழைய கூட்டாளிகளோடு நம்பர் கேர்ளாக ஹொக்கைடோவின் ‘ரைசிங் சன்’ விழாவில் மறுபடியும் வாசிக்க வேண்டும் என்று அப்போது தோன்றியதாகவும், கூடவே பணம் சம்பாதிக்க வேண்டும் என்றும் எண்ணியதாகவும் அவர் எழுதியிருந்தார். மறுஇணைவு அறிவிப்புகளில் வழக்கமாக இடம்பெறும் நன்றியுணர்ச்சி, பிணைப்பு, விதி ஆகிய சொற்களுக்கு நடுவே, பணம் என்ற சொல்லை இவ்வளவு வெளிப்படையாகச் சொன்னவர்கள் அரிது. பணமும் ஒரு காரணம் என்பது பல மறுஇணைவுகளிலும் உள்ளதுதான், பெரிய அரங்கின் இரண்டு இரவு வருமானம் பல ஆண்டுச் சிறு அரங்கு வருமானத்துக்குச் சமம் என்பதை யாரும் மறைக்க வேண்டிய தேவையில்லை.

அவர் ஆசைப்பட்ட அந்த விழா, 1999 முதல் ஹொக்கைடோவின் இஷிகாரி கடற்கரையை ஒட்டி ஆகஸ்டு மாதத்தில் திறந்த வெளியில் நடைபெறுவது. 2019இல் நம்பர் கேர்ள் அங்கே முதல் நாளில் வாசிப்பதாக இருந்தது. புயல் வந்து அந்த நாள் முழுவதும் ரத்தானது. எந்த மேடைக்காகக் கூடினார்களோ அந்த மேடை மட்டும் கிடைக்கவில்லை. டோக்கியோவின் ஹிபியா திறந்தவெளி அரங்கிலும் மற்ற ஊர்களிலும் வாசித்தார்கள். 2020இலும் 2021இலும் கொரோனா தொற்றால் விழா மைதானத்தில் நடக்கவில்லை. ஒருவழியாக 2022 ஆகஸ்டில் அவர்கள் ரைசிங் சன் மேடையில் ஏறினார்கள். நினைத்தது நிறைவேறிய அதே மேடையில் வைத்துத்தான், ஆண்டு இறுதியில் மறுபடியும் கலையப்போவதாக அறிவித்தார்கள். 2022 டிசம்பர் 11 அன்று யோகோஹாமாவின் பியா அரீனா எம்எம் அரங்கில் இரண்டாவது கடைசிக் கச்சேரி நடந்தது. அதில் வாசித்தவர்கள் 2002இல் சப்போரோவில் வாசித்த அதே நால்வர்.